உன் கழுத்துத் தழும்பைப் பற்றி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
9.11.2025, ஞாயிறு

அன்பு மகள் ஜெர்லினுக்கு அப்பா எழுதுவது,

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே லியோனில் நீயும் மாப்பிள்ளையும் ஆரோன் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல். இப்படித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன் பாப்பா. தினமும் போனில் முகம் பார்க்கிற காலத்தில் அப்பாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் இரண்டு தடவை போன் செய்தேன், நினைவிருக்கிறதா. இரண்டு தடவையும் அங்கே குளிரா, ஆரோனுக்கு ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கேட்க வந்தது அது இல்லை. உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், இங்கே என் பக்கத்தில் அம்மா இருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். நம் தெரு எலிஸபெத் அக்கா புதன்கிழமை மகளைப் பார்க்க பிரான்ஸ் கிளம்புகிறார்கள், உன் கையில் மட்டும் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாளாகத் துணி காயவில்லை. உன் தம்பி அருண் மூலக்குளத்து வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டான், தளம் போட்ட அன்றே மழை கொட்டி, தார்ப்பாய் வாங்க என்னையும் சேர்த்து ஓட வைத்தான். மின்துறையில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்த கால் இது, இப்போது ஒரு மாடி ஏறினால் முட்டி பேசுகிறது. அக்காவுக்கு என்னப்பா, கையில ஏதோ மரத்துப்போச்சுன்னு அம்மா சொன்னாங்களே என்று அவன் கேட்டான், நான் ஒன்றும் இல்லை என்றேன். பார், எவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு அந்த வார்த்தை. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தால் இரண்டு பக்கமும் தீர்ந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஆரோனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது அவன் கோட்டுக்குப் பொத்தான் போட உன் வலது கை வரவில்லை, பிள்ளையைக் கூப்பிட நாக்கும் திரும்பவில்லை, பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கழுத்தில் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இடது பக்கம் பாதிக்குப் பாதி சுருங்கியிருக்கிறது, சுவர் தடித்து அறுபது வயது ஆளுடையது மாதிரி இருக்கிறது என்றாராம். முப்பத்துநாலு வயசு, சிகரெட் இல்லை, சர்க்கரை இல்லை, எப்படி என்று அவருக்கே புரியாமல், சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர் சிகிச்சை ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டிருக்கிறார். நீ அதை அப்படியே அம்மாவிடம் கேட்டாய். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு, கீறி விட்டாங்க, அவ்ளோதான் என்றாள். நீ மாப்பிள்ளை பக்கம் திரும்பி அதைப் பிரெஞ்சில் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ திரையில் என்னைப் பார்த்துக் கை அசைத்தாய், நானும் அசைத்தேன்.

பாப்பா, உனக்கு ஏழு வயதில் வந்தது கேன்சர். ஹாட்ஜ்கின் என்று அதற்குப் பெயர், நெறிகட்டுகிற இடத்தில் வருவது. உன் கழுத்தில் கதிர் வைத்தார்கள். இந்த மூன்று வரியை எழுதுவதற்கு எனக்கு இருபத்தேழு வருஷம் ஆகியிருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு. ஜடை பின்னும்போது அம்மா கைக்குத்தான் முதலில் தட்டுப்பட்டது, கொட்டைப்பாக்கு அளவு, வலியே இல்லை. இங்கே ஒரு டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வருகிற டிபி என்று மூன்று மாதம் சிரப் கொடுத்தார். கட்டி கரையவில்லை, நீ இளைத்துப்போனாய், சாயங்காலமானால் காய்ச்சல். சென்னைக்குக் கொண்டுபோனோம், கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அந்தத் தழும்புதான் நீ சங்கிலி போட்டு மறைத்துக்கொள்கிற தழும்பு. ஆறு மாதம் ஊசி மருந்து, அதற்குப் பிறகு கழுத்திலும் நெஞ்சின் மேல்பக்கத்திலும் இருபது நாள் கதிர். மெஷினுக்குள் நீ அசையாமல் படுத்திருக்க வேண்டும், கூட யாரும் நிற்கக்கூடாது. கதவு மூடும்போது அப்பா எண்ணிக்கிட்டே இருங்க, நூறு வர்றதுக்குள்ள வந்துடுவேன் என்பாய். நான் வெளியே நின்று எண்ணுவேன். நீயே எனக்குத் தைரியம் சொன்ன பிள்ளை. அந்த மெஷினை எக்ஸ்ரே என்றோம், மற்றதெல்லாம் டைபாய்டு முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் இருந்தது என்று உனக்குச் சொன்னோம், சொந்தக்காரர்களுக்கும் அதையே சொன்னோம்.

நம் ஹாலில் மாட்டியிருக்கிற வேளாங்கண்ணி போட்டோவில் நாம் மூன்று பேரும், நீ, நான், கையில் நான்கு வயது அருண், மொட்டைத் தலையோடு சிரிக்கிறோம் இல்லையா. நீயும் மாப்பிள்ளையும் அதைப் பார்த்து எத்தனை தடவை கேலி செய்திருப்பீர்கள். உனக்கு அது மாதாவுக்குக் கொடுத்த முடி இல்லை பாப்பா. கொடுக்க உனக்கு முடியே இல்லை, மருந்தில் எல்லாம் தலையணையோடு போய்விட்டது. தெருவில் கேட்பார்களே என்று பயந்து உன்னை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோய், எனக்கும் அருணுக்கும் மொட்டை போட்டு, குடும்பத்தோடு நேர்ச்சை என்று சொல்லிக்கொண்டு வந்தோம். நாவிதர் உன் தலையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கத்தியை வெறுமனே ஒரு தடவை தடவிவிட்டுச் சந்தனம் பூசினார். எனக்கு அவரை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு உனக்கு ரத்த அணுக்கள் இறங்கிக் காய்ச்சல் ஏறி டாக்டர்களே கையைப் பிசைந்தார்கள். அன்றைக்கு அம்மா சென்னையிலிருந்து தனியாக பஸ் ஏறி வில்லியனூர் மாதா கோயிலுக்கு வந்து, குளத்தைச் சுற்றி முட்டி போட்டு நடந்து நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளைய மட்டும் எனக்குக் குடு தாயே, இந்த நோயோட பேர என் வாயால எடுக்க மாட்டேன், என் வீட்ல யாரையும் எடுக்க விடமாட்டேன் என்று. மற்றவர்கள் மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள், தங்கத்தில் கண்மலர் நேர்ந்துகொள்வார்கள், இவள் ஒரு வார்த்தையை நேர்ந்துகொண்டாள். நான்காம் நாள் உனக்குக் காய்ச்சல் விட்டது. அதற்கப்புறம் அவளிடம் யார் என்ன பேசுவது. தொலைக்காட்சியில் அந்த நோயைப் பற்றி விளம்பரம் வந்தால்கூட எழுந்து போய்விடுவாள், நீ பார்த்திருப்பாய், அம்மாவுக்கு ரொம்ப இளகிய மனசு என்று நினைத்திருப்பாய். அவள் உன்னிடம் பொய் சொன்னாள் என்று நீ நினைக்கலாம். அவள் கணக்கில் அவள் உன் உயிருக்குக் காவல் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு அப்படி எந்த நேர்ச்சையும் இல்லை. அதனால்தான் தப்பு என்னுடையது. உனக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை வருஷம் இரண்டு தடவை சென்னைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம், கட்டி திரும்ப வராமல் இருக்க என்று உனக்குச் சொல்லி வைத்தோம், போகிற வழியில் மகாபலிபுரத்தில் இறங்குவதுதான் உனக்கு முக்கியம். கடைசித் தடவை அந்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்கள், நோய் போய்விட்டது, ஆனால் இந்தக் கதிரும் மருந்தும் உள்ளே செய்த வேலை இருக்கிறது, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட ரத்தக்குழாயும் இதயமும் மற்றவர்களுக்கு முன்னாலேயே தடித்துப்போகலாம், வருஷம் ஒரு தடவை காட்டிக்கொண்டே இருங்கள், பெண் வளர்ந்ததும் அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று. எழுதியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா மொத்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வெந்நீர் அடுப்புக்குப் போனாள், நேர்ச்சை முடியணும்ங்க, இது வீட்ல இருந்தா அது வீட்ல இருக்கற மாதிரி என்றாள். நான் தடுக்கவில்லை. ஒரு தாள் பாதி எரிந்து காற்றில் வெளியே வந்து விழுந்தது, அதைக் காலால் உள்ளே தள்ளியவன் நான். நீ அப்போது உள்ளே சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டிய நேரம் வந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. காலேஜ் படிக்கும்போது சொல்லலாம் என்றால், படிக்கிற பிள்ளையைக் கலைக்க வேண்டாம் என்று விட்டோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேட்டு வந்தபோது, தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பம், நல்ல பையன், கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். உன் மாமியார் கமீய் அம்மா கேட்டார்கள், கழுத்துல என்ன தழும்பு என்று. பதில் சொன்னது அம்மா இல்லை, நான். சின்ன கட்டிங்க, எப்பவோ வந்தது என்றேன், காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே. ஆரோன் வயிற்றில் இருந்தபோது உனக்குப் பிரஷர் ஏறி ஒரு மாதம் படுக்க வைத்தார்களே, பிரசவத்துக்கு வந்திருந்த அம்மாவிடம் அங்கே நர்ஸ் எல்லா வியாதியின் பெயரும் எழுதிய ஒரு தாளைக் காட்டி, சின்ன வயதில் இதில் எதுவாவது உண்டா என்று கேட்டதும், நீயே அதைத் தமிழில் வாசித்துக் காட்டியதும், அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டியதும் எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஐந்து வருஷம் முன்னாலேயே உன் கழுத்தைப் பார்த்திருப்பார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, தவளக்குப்பத்தில் பழைய ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சென்னை பஸ் ஏறினேன். அந்த ஆஸ்பத்திரி அடையாளமே தெரியவில்லை. பழைய ரெக்கார்டு வைத்திருக்கிற இடத்தில் மணியம்மாள் என்று ஒரு அம்மா, ரிட்டயர் ஆக இரண்டு மாதம்தான் பாக்கியாம். நம்பர் சொல்லுங்க என்றார்கள். நம்பர் இல்லை, எரித்துவிட்டோம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவ்ளோ பழைய ஃபைலு இருக்காதுங்க, ஆனா கதிர் குடுத்த ரிஜிஸ்டர் இருக்கும், உக்காருங்க, பொண்ணு பேரு வருஷம் சொல்லுங்க என்றார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சூ. ஜெர்லின், பெண், வயது ஏழு, பாண்டிச்சேரி. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

ஜெராக்ஸில் சீல் வாங்க டாக்டர் அறை வாசலில் உட்கார வைத்தார்கள். அங்கே வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள், நன்றாக இருக்கிறார்கள், சிலர் லேப்டாப் பையோடு வந்திருக்கிறார்கள். பிறகுதான் தெரிந்தது, எல்லாரும் சின்னப் பிள்ளையில் இதே நோய் வந்து பிழைத்தவர்களாம். பக்கத்தில் இருந்த பெண் சுடர்விழி என்று பெயர், திண்டிவனத்தில் டீச்சர். எனக்கு வருஷா வருஷம் பிரஷர், கொழுப்பு, கழுத்து ஸ்கேன் எல்லாம் பாப்பாங்க சார், மூணு வருஷத்துக்கு முன்னாடி குழாய் லேசா தடிக்குதுன்னாங்க, மாத்திரை போட்டு அப்படியே நிறுத்தி வெச்சிருக்காங்க என்று, ஏதோ பல்வலிக்கு வந்த மாதிரிச் சொன்னாள். அவளுடைய அப்பா லாரி டிரைவராம், எழுதப் படிக்கத் தெரியாதாம், டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தையும் அவர் விடவில்லையாம். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவன். ஊரிலுள்ள மீட்டரை எல்லாம் மாதம் தவறாமல் பார்த்தவன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், திட்டுவார் என்று போனேன், திட்டவில்லை. காரணம் தெரிந்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கதிர் பட்ட ரத்தக்குழாய்க்கு வைத்தியமே யோசித்துத்தான் செய்ய வேண்டும், கழுத்தைத் திறந்து ஆபரேஷன் செய்வதா, உள்ளே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைப்பதா என்பது இது தெரிந்தால்தான் சரியாக முடிவாகும். வலது பக்கமும் பார்க்க வேண்டும், இதயம், தைராய்டு இரண்டும் பார்க்க வேண்டும், மார்பகப் பரிசோதனையும் மற்றவர்களுக்கு முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். இப்போது கொடுத்திருக்கிற மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது. கை மரத்தாலோ பேச்சு குழறினாலோ சரியாகிவிட்டது என்று வீட்டில் உட்காரக்கூடாது, அந்த நிமிஷமே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சீல் வைத்த ஜெராக்ஸ் இந்த உறையில் இருக்கிறது, எவ்வளவு கதிர், எந்தெந்த இடம் எல்லாம் அதில் இருக்கிறது. டிசம்பர் நாலாம் தேதி பெரிய டாக்டரைப் பார்க்கிறாய் இல்லையா, அதுவரை காத்திருக்காதே, கடிதம் கிடைத்த மறுநாளே கொண்டுபோய்க் கொடு. மாப்பிள்ளையிடம் நீ சொல்வதா, நான் சொல்வதா என்று நீயே முடிவு செய். கமீய் அம்மாவிடம் மட்டும் நான்தான் சொல்வேன், அவர்களிடம் பொய் சொன்ன வாய் இது. உப்பைக் குறை, இங்கிருந்து இனி ஊறுகாயும் கருவாடும் கொடுத்தனுப்பப் போவதில்லை.

சென்னையிலிருந்து வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிறுத்தவே இல்லை, செதிலே இல்லாத மீனைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் சொன்னா அவளுக்கு ஏதாவது ஆயிடும்ங்க, இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்சிருக்கேன் என்றாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நீ காப்பாத்தல, நீ வாய மூடித்தான் அவ கழுத்து இப்படி ஆயிருக்கு என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவளை நான் அப்படிப் பேசியதில்லை. உண்மையில் அது எனக்கு நானே சொல்லிக்கொண்டது, ஆனால் அவள் மேல் எறிந்துவிட்டேன். மறுநாள் நம் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள், பிள்ளைக்குக் கெடுதல் செய்கிற நேர்ச்சை மாதாவுக்கு எதற்கு, விட்டுவிடுங்கள் என்றாராம். சாமியாருக்கு என்ன, நேர்ந்துக்கிட்டது நான்தானே என்று என்னிடம் வந்து சொன்னாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஏதோ முணுமுணுக்கிறாள். ஜெபமாலை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நேற்று தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடப் போனேன். பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறாள் பாப்பா. முதல் எழுத்து வருகிறது, நின்றுவிடுகிறது, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறாள், மறுபடியும் ஆரம்பிக்கிறாள். நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன். இன்று பூசை முடிந்து வரும் வழியில், ஜெர்லின் போன் பண்ணா நீங்க எடுக்காதீங்க, நானே எடுக்கறேன் என்றாள்.

எங்களை மன்னிப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், அதை அப்பா கேட்கவில்லை. நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், ஆரோனுக்கு மீசை முளைப்பதை நீ பார்க்க வேண்டும், மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், மாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்து முடித்து, அழ வேண்டியதை அழுதுவிட்டு, அம்மாவுக்குப் போன் செய். அவள் உடனே சொல்ல மாட்டாள். ஆரோன் சாப்பிட்டானா என்பாள், மழையைப் பற்றிப் பேசுவாள், நடுவில் சத்தமே இல்லாமல் இருப்பாள், லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும், அதுதான் எனக்குத் தெரியுமேம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு
உன் அப்பா
சூசைநாதன்